எண்ணெயை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது ஏன்?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 48. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். மது, சிகரெட் இரண்டும் கிடையாது. எடை 82 கிலோ, இடுப்புச் சுற்று 101 செ.மீ. மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்டிரால் 6.6, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 4.8, எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்டிரால் 0.9, வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3 என்று வந்தது. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் எண்ணெயே சேர்ப்பதில்லை, தாளிப்புகூட இல்லை. தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள் கரு, பொரித்த மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சோறு, ரசம், அவித்த காய், இரவு வேலைக்குப் போகும்போது பிஸ்கட்டும் ரொட்டியும் என்றுதான் ஓடுகிறது. வழக்கமாகக் குடிக்கும் நாலு கிளாஸ் தே தாரிக்கை (டின் பால் ஊற்றி ஆற்றும் தேநீர்) மட்டும் அவரால் விட முடியவில்லை. சென்ற வாரம் இரவு வேலை முடிந்து நேரே கிளினிக்குக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தார். கொலஸ்டிரால் 6.3, எச்டிஎல் 0.8, டிரைகிளிசரைடோ 5.2 ஆக ஏறியிருக்கிறது. எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால்) என்ற இடத்தில் எண்ணே இல்லை. எடையும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. எண்ணெயே உள்ளே போகாதவருக்குக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மது தொடாதவருக்கு ஈரல் கொழுப்பு எப்படி வரும்? செம்பனை எண்ணெய்தான் (பாமாயில்) எல்லாவற்றுக்கும் காரணம், நம் பெரியவர்களைப் போலத் தேங்காய் எண்ணெய்க்கு மாறு என்கிறார் மாமியார். சென்னையில் இருக்கும் என் அக்கா, தனக்கு டிரைகிளிசரைடு 190 என்றும் 5.2 எல்லாம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்கிறார். மாத்திரை தொடங்க வேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொல்கிறார், கணவருக்குப் பயம். என்ன செய்வது?

— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் அக்கா சொன்ன ஆறுதலை முதலில் திருத்திவிடுகிறேன். கடிதத்தில் உள்ளவற்றுள் உடனடியாகக் கெடுதல் செய்யக்கூடியது அதுதான். தமிழ்நாட்டு ஆய்வகங்கள் ரத்தக் கொழுப்பை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகின்றன. மலேசியாவில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று எழுதுகிறோம். டிரைகிளிசரைடை நம் கணக்கிலிருந்து அவர்கள் கணக்குக்கு மாற்ற 88.6 ஆல் பெருக்க வேண்டும். கொலஸ்டிராலாக இருந்தால் 38.7 ஆல். அப்படிப் பார்த்தால் உங்கள் கணவரின் 5.2 சென்னையில் 460 என்று அச்சாகியிருக்கும்; அக்காவின் 190 இங்கே 2.1 என்று வந்திருக்கும். வெறும் வயிற்றில் 1.7க்குக் கீழே இருக்க வேண்டிய அளவு இது. ஆகவே இருவருக்குமே கூடுதல்தான். உங்கள் கணவருக்கு அக்காவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ரூபாய் விலையை வெள்ளி (ரிங்கிட்) விலை என்று படித்துவிடுவது போன்ற இந்தக் குழப்பத்தை, ஊரில் உறவினர் உள்ள குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. சட்டியில் ஊற்றும் எண்ணெய்தான் நேராக ரத்தத்தில் போய் மிதக்கிறது என்று நீங்கள் எண்ணியதில் வியப்பில்லை. இரண்டுக்கும் கொழுப்பு என்ற ஒரே பெயர் இருக்கும்போது வேறெப்படி எண்ணுவது? நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஆய்வகத்தில் பல்லாண்டு வேலை பார்த்த ஒரு பெரியவர் என்னை அழைத்து இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். சிவப்பணுக்களைச் சுழற்றிப் பிரித்த பிறகு எஞ்சிய நீர், இரண்டிலும் ஓர் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் அசையாமல் வைக்கப்பட்டிருந்தது. வெளிர் வைக்கோல் நிறத்தில், குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் எழுத்தைப் படிக்கும்படி தெளிவாக இருக்க வேண்டிய திரவம் அது. முதல் குழாயில், பிழிந்து வைத்த தேங்காய்ப்பாலில் கெட்டிப்பால் மேலே திரள்வதுபோல் வெள்ளையாக ஓர் ஆடை மிதந்தது. அதன் கீழே தெளிவாக இருந்தது. இரண்டாவதில் ஆடை ஏதும் இல்லை. அடியிலிருந்து விளிம்பு வரை அரிசி களைந்த தண்ணீர்போல் ஒரே கலங்கல். முதல் குழாய்க்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார் என்றும், இரண்டாமவரின் கலங்கல் சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல, அவருடைய ஈரலே செய்து அனுப்பியது என்றும் அந்தப் பெரியவர் விளக்கினார். இப்போது இந்தச் சோதனையை யாரும் மெனக்கெட்டுச் செய்வதில்லை. இயந்திரம் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் உங்கள் வீட்டுக் கேள்விக்கு விடை அந்த இரண்டு குழாய்களுக்குள்தான் இருக்கிறது.

ஆடையாக மிதந்ததன் கதை இது. ஒரு தட்டு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கொழுப்பு இரைப்பையில் பெரிதாக மாறுவதில்லை. சிறுகுடலுக்குள் இறங்கியதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை ஊற்றுகிறது. பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை உடைப்பதுபோல் பித்த உப்புகள் கொழுப்பைச் சின்னஞ்சிறு துளிகளாகச் சிதறடிக்கின்றன. கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் என்னும் நொதி, மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த டிரைகிளிசரைடிலிருந்து இரண்டை வெட்டி எடுக்கிறது. வெட்டிய துண்டுகள் குடல் சுவரின் செல்லுக்குள் நுழைந்ததும், வந்த வேலை முடிந்ததுபோல் மறுபடி டிரைகிளிசரைடாக ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதால் அப்படியே ரத்தத்தில் இறங்க முடியாது. ஆகவே குடல் செல் அதைப் புரத உறையில் பொதிந்து கைலோமைக்ரான் என்னும் பெரிய உருண்டையாக்குகிறது. சர்க்கரையும் புரதமும் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகின்றன. இந்த உருண்டைகள் மட்டும் நிணநாளத்தின் வழியாக நெஞ்சுக்குள் ஏறி, இடது தோளுக்கருகே ஒரு சிரையில் வந்து கலக்கின்றன. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் காத்திருக்கும் மற்றொரு லைப்பேஸ், கடந்து போகும் உருண்டைகளிலிருந்து கொழுப்பை இறக்கிக்கொள்கிறது. சாப்பிட்ட மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும் இந்தப் போக்குவரத்து, ஆரோக்கியமான உடலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்கு முன் பட்டினி இருக்கச் சொல்வது இதற்காகத்தான். முறையாகப் பட்டினி இருந்தவரின் டிரைகிளிசரைடு அளவு, நேற்று வீட்டில் தாளித்தீர்களா இல்லையா என்பதைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லாது.

அது சொல்வது கலங்கலின் கதையை. ஈரல் தன்னிடம் சேரும் கொழுப்பை விஎல்டிஎல் என்னும் துகள்களில் ஏற்றி இரவும் பகலும் ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பு. அந்தக் கொழுப்பில் ஒரு பகுதியை ஈரல் தானே சமைக்கிறது, அதுவும் சர்க்கரையிலிருந்து. சோறு, ரொட்டி, சீனி எதுவானாலும் தேவைக்கு மேல் வந்தால் ஈரல் முதலில் அதைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஆனால் அந்தக் கிடங்கு சிறியது, ஏறத்தாழ 100 கிராம் நிரம்பியதும் இடம் இருக்காது. மிஞ்சியதை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து 16 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலமாக மாற்றுகிறது. சீனியில் பாதியாக இருக்கும் ஃபிரக்டோஸ் இந்தப் பாதையில் குளுக்கோஸைவிட எளிதாக நுழைகிறது. இப்படி உருவாகும் 16 கார்பன் அமிலத்துக்குப் பெயர் பால்மிடிக் அமிலம். பனை வகை மரத்தின் எண்ணெயில் கண்டதால் வந்த பெயர். செம்பனை எண்ணெயில் சுமார் 44 சதவீதம் அதுதான். நீங்கள் அடுப்படியிலிருந்து செம்பனை எண்ணெயை வெளியேற்றிவிட்டீர்கள், உங்கள் கணவரின் ஈரல் அதன் முக்கிய அமிலத்தைச் சோற்றிலிருந்தும் சீனியிலிருந்தும் உள்ளேயே தயாரித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் நின்றதும் வயிறு நிறையாமல் சோற்றின் அளவு கூடியிருக்கும் என்பது என் ஊகம்; இப்படிப்பட்ட வீடுகளில் அநேகமாக அதுதான் நடக்கிறது. கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தை மாவுச்சத்தால் நிரப்பினால் டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. உங்கள் கணவரின் இரண்டு தாள்களிலும் தெரிவது அந்தப் படம்தான்.

அடுத்து அந்த நாலு கிளாஸ் தே தாரிக். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் உள்ள டின்னை எடுத்து அதன் ஓரத்தில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். நாம் பால் டின் என்று பேச்சு வழக்கில் சொல்லும் பெரும்பாலானவற்றில் கிரிமர் மானிஸ் (இனிப்பூட்டிய கிரிமர்) என்றுதான் அச்சிட்டிருக்கும். பொருள்களின் வரிசையில் கூலா, அதாவது சீனி, முன்னால் நிற்கும், சற்றுத் தள்ளி மின்யாக் சாவிட் என்று செம்பனை எண்ணெய் இருக்கும். எடையில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு கிளாஸுக்கு 40 கிராம் ஊற்றினார்கள் என்று கொண்டாலும், மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் அதற்குக் குறைவாக ஊற்றி நான் பார்த்ததில்லை, நாலு கிளாஸில் 80 கிராம் சீனி சேர்ந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள், அதாவது சராசரி மனிதருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25. ஆக, எண்ணெய் நுழையாத வீட்டில் அந்த டின் வழியாகச் சீனியும் செம்பனை எண்ணெயும் ஒன்றாகவே நுழைந்துகொண்டிருக்கின்றன. இரவு வேலைக்குக் கொடுத்து அனுப்பும் பிஸ்கட் உறையையும் திருப்பிப் பாருங்கள். மாவு, செம்பனைக் கொழுப்பு, சீனி என்று அதே கூட்டணி.

கடையில் கூராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்று சொல்வதை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒருவர் கைக்குக் குறைவு என்பது இன்னொருவர் கைக்கு வழக்கம். தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்டால்தான் சந்தேகத்துக்கு இடமில்லை. வெறும் தேநீர் தொண்டையில் இறங்கவில்லையென்றால் தே சி கோசோங் குடிக்கலாம். அதில் சேரும் டின் பாலும் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் கலந்ததே என்றாலும் சீனி இருக்காது. இருபது ஆண்டு நாக்கை ஒரே நாளில் மாற்ற முடியாது. முதல் இரண்டு வாரம் நாலை இரண்டாக்கி, பிறகு அந்த இரண்டையும் கோசோங்கிற்கு மாற்றட்டும். உங்கள் மூன்று மாதப் பத்தியத்தைவிட இந்த ஒரு மாற்றம் டிரைகிளிசரைடை அதிகம் அசைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஈரலில் கொழுப்பு படிவதற்கு மது ஒரு காரணம்தான், ஒரே காரணமல்ல. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மது காரணமில்லாமல் ஈரல் கொழுப்பு வந்தவர்களிடம், அடையாளமிட்ட மூலக்கூறுகளை உடலுக்குள் செலுத்தி, ஈரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 60 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்தது. கால் பங்கு, ஈரலே மாவுச்சத்திலிருந்து சமைத்தது. உணவில் இருந்த கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். தாளிப்பை நிறுத்தினால் கைவைக்க முடிவது இந்தக் கடைசிப் பங்கில் மட்டுமே.

கொழுப்புத் திசு ஏன் கசிகிறது என்றால், அங்கே பூட்டுப் போடும் வேலை இன்சுலினுடையது. சாப்பிட்டவுடன் இன்சுலின் சுரந்து, வெளியே விடாதே, உள்ளே வை என்று அந்தத் திசுவுக்கு உத்தரவிடுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடக் கூட அந்த உத்தரவு எடுபடாமல் போகிறது. கொழுப்பு அமிலங்கள் வேளை பார்க்காமல் ஈரலை நோக்கி வழிகின்றன. கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அந்த உபரி இன்சுலினோ சர்க்கரையைக் கொழுப்பாக்கும்படி ஈரலைத் தூண்டுகிறது. ஏறிய டிரைகிளிசரைடு, இறங்கிய எச்டிஎல், 6.3 என்ற சர்க்கரை, 101 செ.மீ. இடுப்பு, ஸ்கேனில் கொழுப்பு ஆகிய ஐந்தும் ஐந்து நோய்கள் அல்ல, ஒரே கோளாற்றின் ஐந்து முகங்கள். ஆசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு உடல் பருமனாகத் தெரிவதற்கு முன்பே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. 2019-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், இந்நாட்டு இந்தியர்களில் வயது வந்தோருள் 31.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. வேறெந்த இனத்திலும் இவ்வளவு இல்லை. உங்கள் கணவர் இன்னும் அந்தக் கணக்கில் சேரவில்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறார்.

எல்டிஎல் இடத்தில் எண் இல்லாததை ஆய்வகத்தின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடை 2.2 ஆல் வகுத்து வரும் எண்ணையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். 1972-இல் வந்த இந்தச் சூத்திரம் டிரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் பொய்க்கும் என்பதால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதற்காக நாம் இருட்டில் இல்லை. மொத்தக் கொலஸ்டிரால் 6.3-இலிருந்து எச்டிஎல் 0.8ஐக் கழியுங்கள், மீதி 5.5. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்டிராலின் கூட்டுத்தொகை அது. இவ்வளவு இருக்கக் கூடாது.

ஈரல் அனுப்பிய விஎல்டிஎல் துகள், வழியெல்லாம் டிரைகிளிசரைடை இறக்கிவிட்டுச் சுருங்கி, கடைசியில் கொலஸ்டிரால் நிறைந்த எல்டிஎல் துகளாக மிஞ்சுகிறது. அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஈரலின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகள் குறைந்தால் துகள்கள் ரத்தத்திலேயே நெடுநேரம் சுற்றுகின்றன. சுற்றுபவற்றுள் சில தமனியின் உட்சுவருக்குள் புகுந்து சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளையணுக்கள் கொழுப்பு ஊதிய நுரைச் செல்களாகி அங்கேயே மடிகின்றன. இப்படி ஆண்டுக்கணக்கில் தடித்த திட்டு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுதான் மாரடைப்பு. வலியோ அறிகுறியோ இல்லாமல் நடப்பது என்பதால்தான் மனிதர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள்.

ஏற்பிகள் குறைவதற்கும் உண்ணும் கொழுப்பின் வகைக்கும் தொடர்பு உண்டு. உங்கள் மாமியாரின் கேள்வி இங்கேதான் வருகிறது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் ஈரல் தன் எல்டிஎல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது, எல்டிஎல் ஏறுகிறது. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைவுற்றது. தேங்காய் எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல். நல்லெண்ணெயில் சுமார் 15, கடலை எண்ணெயில் 20க்குள். எனவே செம்பனையை விட்டுத் தேங்காய்க்குப் போவது, இந்தக் கணக்கில், சிறிய குழியைத் தாண்டிப் பெரிய குழியில் இறங்குவதுதான். தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அது சேராமல் நேரே எரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி மாமியாருக்கும் வந்திருக்கக்கூடும். நிணநீரைச் சுற்றிப் போகாமல் நேரே ஈரலுக்குச் செல்லும் 8, 10 கார்பன் அமிலங்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் தேங்காய் எண்ணெயில் அவை ஏழில் ஒரு பங்கு அளவே. பாதிக்கு அருகில் இருப்பது 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்ற நீண்ட அமிலங்களைப் போல் கைலோமைக்ரானில் ஏறித்தான் பயணம் செய்கிறது. 16 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான ஆய்வும், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏற்றுகிறது என்றே காட்டியது.

மாமியார் சொல்லும் பெரியவர்கள் விடியலுக்கு முன் எழுந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, மேடும் பள்ளமுமாக நடந்தவர்கள். அவர்கள் தசைகள் கொழுப்பை இறக்கிக்கொண்ட வேகம் நாற்காலியில் உட்கார்ந்து திரையைக் கண்காணிப்பவருக்கு வராது. இதற்காகத் தேங்காயையே வீட்டிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் குழம்பில் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினால் உலகம் முழுகிவிடாது. நாசி கண்டார் சாப்பிடும் நாளில் கடைக்காரர் பஞ்ஜிரா (குழம்பை வெள்ளமாக ஊற்றவா) என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லட்டும். நாலைந்து குழம்புகளின் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சோற்றுக்குள் இறங்குவது அந்த ஒரு சொல்லில்தான்.

ஆகவே எண்ணெயை வீட்டுக்குள் திரும்ப அழைத்து வாருங்கள், அளவோடு. சில கொழுப்பு அமிலங்களை உடலால் செய்துகொள்ள முடியாது. அவை உணவிலிருந்துதான் வர வேண்டும் என்பது 1929 முதல் தெரிந்தது. முருங்கைக் கீரையிலும் காரட்டிலும் உள்ள சத்து, கூடவே கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் குடலில் உறிஞ்சப்படும். கொழுப்பே வராவிட்டால் பித்தப்பை சுருங்க வேலையின்றிப் பித்தநீர் தேங்கிக் கல்லாகும் வாய்ப்பும் கூடுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ எண்ணெய் என்று கணக்கு வைத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 17 கிராம் வரும். கிட்டத்தட்ட நாலு தேக்கரண்டி. 2.50 வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பொட்டலச் செம்பனை எண்ணெயை ஒதுக்க வேண்டியதில்லை, பாதிக்கு அதையும் மீதிக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ பயன்படுத்தலாம். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கெம்போங் (கானாங்கெளுத்தி) அல்லது மத்தி மீனைக் குழம்பாகவோ சுட்டோ கொடுங்கள்; அதிலுள்ள ஒமேகா-3 அமிலம் ஈரல் விஎல்டிஎல் அனுப்பும் வேகத்தைக் குறைக்கக்கூடியது. முட்டையை முழுதாகவே கொடுக்கலாம், நாளுக்கு ஒன்று.

தட்டைப் பொறுத்தவரை, சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செப்பாரோ, அதாவது கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ பருப்போ, அரைத் தட்டு காய் என்பதைவிட எளிய அளவை எனக்குத் தெரியவில்லை. காலையில் ஓட்ஸ் அல்லது பார்லிக் கஞ்சி நல்லது; அவற்றின் கொழகொழப்பான நார் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், ஈரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 82 கிலோவில் நாலு கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு கணிசமாக இறங்கும். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் விரைந்து நடக்கட்டும். நடந்த தசைகளில் லைப்பேஸ் வேலை செய்வது மறுநாள் வரை நீடிக்கிறது.

மாத்திரை விஷயத்தில் நான் உங்கள் கிளினிக் மருத்துவர் பக்கம்தான். டிரைகிளிசரைடு உணவுக்கு நன்றாகவே இணங்கும், ஆனால் 5.5 என்ற அந்தக் கூட்டுத்தொகை உணவால் மட்டும் பத்திரமான அளவுக்கு இறங்குவது கடினம். உடலில் உள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி உடலே செய்வது. அந்தத் தயாரிப்பைத் தடுப்பது ஸ்டேட்டின் என்னும் மாத்திரை. தட்டுப்பாடு வந்ததும் ஈரல் தன் ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கிறது. ரசாயனம் என்று உங்கள் கணவர் பயந்தால், 1970களில் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய அறிஞர் அரிசியில் பிடித்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்துதான் இந்த வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார் என்று சொல்லிப் பாருங்கள். தசை வலி வந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஃபைப்ரேட் என்னும் மற்றொரு வகை டிரைகிளிசரைடுக்கானது. அது தேவையா என்பதை அடுத்த பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்யலாம். தைராய்டு, சிறுநீரகம், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். தைராய்டு மந்தமானாலும் இந்த எண்கள் ஏறும்.

இரண்டு அபாய அறிகுறிகளை மட்டும் மனத்தில் வையுங்கள். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். டிரைகிளிசரைடு 10ஐத் தாண்டும்போது அந்த ஆபத்து பெரிதாகிறது, 5இல் இருப்பவர் சில வாரங்களில் அங்கே ஏறிவிடுவதும் உண்டு. நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கைக்குப் பரவும் வலி என்றால் 999ஐ அழையுங்கள். வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, சென்ற வாரத்து 5.2ஐ நான் முழுதாக நம்பவில்லை. இரவு வேலை முடிந்து நேரே போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை மூன்று, நாலு மணிக்குத் தொழிற்சாலை கேண்டீனில் அவர் என்ன சாப்பிட்டார்? அப்போது ஒரு தே தாரிக்கும் பிஸ்கட்டும் உள்ளே போயிருந்தால், எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கலங்கலோடு ஆடையும் சேர்ந்திருக்கும். முதல் பரிசோதனையை எப்படிக் கொடுத்தார் என்பதையும் அவரிடம் கேளுங்கள். தேநீரை மாற்றி எட்டு வாரம் கழித்து, இரவு ஷிப்ட் இல்லாத ஒரு வாரத்தில், முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்காமல் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்கட்டும். மாத்திரையை இப்போதே தொடங்கலாம், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தாள் வந்ததும் எண்களை அலகோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். முந்தைய நாள் மாலையிலிருந்து அவர் சாப்பிட்டதையும் குடித்ததையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.